நாவக்கொட்டாய்க்கு அடித்த தமுக்கு

பார்வையாளர் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ஐந்து கைநாட்டுகளுக்கு ரேகை இல்லை.

அவற்றுக்கு மேலே இருந்தவையும் கீழே இருந்தவையும் ஒழுங்காகத்தான் இருந்தன. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்து வைத்தாற்போல் வளையம் வளையமாக, இது இண்டூர்க்காரன் விரல், இது கம்பைநல்லூரிலிருந்து மாடு பிடிக்க வந்து அப்படியே இதையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன் விரல் என்று தனித்தனியாகச் சொல்லிவிடலாம். நடுவில் இந்த ஐந்து மட்டும் வெறும் கறை. அகலமாக, தட்டையாக, ஓரம் பிசிறிக்கொண்டு. விரலை வைத்தது போலவே இல்லை. ஈரச் சாணியைச் சுவரில் அப்பினது போல இருந்தது.

மிட்டாதார் பச்சியப்பர் பூதக்கண்ணாடியை அங்கவஸ்திரத்தில் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார்.

"சவுரியப்பன்!"

சவுரியப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பூசணிக்காயும் செம்பும் வரையக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். இப்போது மிட்டாதாரின் 'க்யூரேட்டர்'. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்குமே நிச்சயமாகத் தெரியாது. அதனாலேயே இருவருக்கும் அதன்மேல் ஒரு மரியாதை இருந்தது.

"என்னய்யா இது? மையை வழிய வழிய ஊத்தி வெச்சியா?"

"இல்லீங்க ஐயா. பஞ்சுல ஒத்தித்தான் வெக்கச் சொல்றேன். அவங்க கையே அப்படித்தானுங்க."

"அப்படின்னா?"

"துணி சுத்தியிருந்தாங்க. மஞ்சப் பத்துப் போட்ட துணி. கட்டை விரல் நுனி மட்டும் வெளிய தெரிஞ்சுது." சவுரியப்பன் தன் கட்டை விரலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "ஊர் பேரைத் தவிர ஒரு வார்த்தை பேசலீங்க. வெயில்ல நடந்து வந்த களைப்பு போல இருக்குது."

பச்சியப்பரின் பார்வை பக்கத்துப் பத்திக்கு நகர்ந்தது. 'ஊர்' என்று தலைப்பிட்ட அந்தப் பத்தியில் சவுரியப்பனின் அழகான சாய்வெழுத்தில் ஐந்து முறை ஒரே பெயர் எழுதியிருந்தது. நாவக்கொட்டாய்.

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். வைத்தபோது அது மேஜையில் இரண்டு தடவை தட்டியது. ஒரு தடவை வைத்தால் ஒரு தடவைதான் தட்ட வேண்டும்.

நாவக்கொட்டாயில் ஆள் இல்லாமல் போய் இருபத்து நாலு வருஷம் ஆகிறது.

மிட்டா என்றால் ஏதோ சமஸ்தானம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வத்தல்மலை அடிவாரத்தில் பதினேழு ஊர், பாதி கல்லும் பாதி முள்ளுமாகக் கொஞ்சம் பூமி, அவ்வளவுதான். ஆனால் பச்சியப்பரின் கடிதத் தாளில் இரண்டு சிங்கங்கள் ஒரு கிரீடத்தைத் தாங்கிக்கொண்டு நின்றன. அவர் நடந்து வரும்போது வேட்டி நுனியை ஒருவன் பிடித்துக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு காலத்தில் ஏற்பாடு இருந்தது. பிடித்துக்கொண்டு வந்தவன் கங்காணி வேலைக்குச் சிலோனுக்கு ஓடிப்போனதும் அந்த ஏற்பாடு நின்றது. இத்தனை இருந்தும் அவருக்கு இல்லாதது ஒன்றே ஒன்று. பெயருக்கு முன்னால் சர்க்கார் தரும் 'ராவ் சாகிப்' பட்டம்.

போன கிறிஸ்துமஸ் சமயம் பட்டணம் போயிருந்தபோதுதான் அதற்கு வழி தெரிந்தது. ஜனங்கள் 'செத்த காலேஜ்' என்று சொல்லும் மியூசியத்தைப் பார்த்தார். அங்கிருந்து பழைய துரைமார்கள் வாழ்ந்த பங்களாக்கள் என்று காட்டப்பட்ட இரண்டு மூன்றையும் போய்ப் பார்த்தார். ஒரு துரை படுத்த கட்டில், அந்தத் துரை குடித்த கோப்பை, அந்தத் துரை செத்துப்போன நாற்காலி, எல்லாவற்றுக்கும் ஒரு சீட்டு, ஒரு எண். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரிய மனிதர்கள் அவற்றைக் குனிந்து குனிந்து பார்த்தார்கள். குனிந்த அந்த முதுகுகளைப் பார்த்தபோது பச்சியப்பருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பாட்டனாரும்தான் கட்டிலில் படுத்தார், நாற்காலியில் செத்தார்.

ஊருக்குத் திரும்பியதும் பாட்டனார் கட்டிய கச்சேரி வீட்டை ஒழித்துக் கழுவச் சொன்னார். மிட்டாவின் குடிகளை வரவழைத்து, நிற்கவைத்து, விசாரித்து, தீர்ப்பும் சொல்லி அனுப்பிய வீடு அது. குடும்பம் எதிரே கட்டிய புது பங்களாவுக்குப் போனபிறகு வௌவால்களின் வசம் இருந்தது. சக்கரவர்த்தியின் வெள்ளி ஜூபிலி நாளான 1935 மே ஆறாம் தேதி அது 'ஜூபிலி பொருட்காட்சிச்சாலை' ஆயிற்று. சனிக்கிழமை மாலை நாலு மணிக்குச் சேலத்திலிருந்து கலெக்டர் துரை நேரில் வந்து பார்ப்பதாகக் கடிதமும் வந்துவிட்டது. அந்த ஒரு மணி நேரம் சரியாக நடந்துவிட்டால் அடுத்த பட்டியலில் ராவ் சாகிப்.

நூறு பொருள் இருக்க வேண்டும் என்பது பச்சியப்பரின் பிடிவாதம். பாட்டனாரின் தலைப்பாகை, ஓடாத ஏழு கடிகாரங்கள், பெங்களூரில் விலைக்கு வாங்கி 'மிட்டாதார் வேட்டையாடியது' என்று சீட்டு ஒட்டிய பூச்சி அரித்த புலித்தோல் என்று தேடித் தேடித் தொண்ணூற்றொன்பது சேர்ந்தது. நூறாவதுக்காகப் பரணைக் கிளறியபோது சாக்கில் சுற்றிய ஒரு கட்டு கிடைத்தது. இரண்டு கருங்காலிப் பலகைகள். ஒவ்வொன்றும் இரண்டு முழ நீளம். ஒரு முனையில் தோல்வாரால் சேர்த்துக் கட்டியிருந்தது. மறுமுனை திறந்து மூடும்.

"இது என்னாங்க ஐயா?" என்றார் சவுரியப்பன்.

பச்சியப்பருக்குத் தெரியும். அதன் பெயர் கிட்டி. அந்தப் பலகைகளுக்கு நடுவில் எதை வைப்பார்கள் என்றும் தெரியும். அதை மறுபடியும் பரணில் போட்டிருக்கலாம், அடுப்பில் வைத்திருக்கலாம். ஆனால் தொண்ணூற்றொன்பது என்பது ஒரு எண்ணா?

"எலுமிச்சம்பழம் பிழியறது. பாட்டனாருக்குப் பானகம்னா உசுரு. எழுதிக்கோ" என்றார்.

சவுரியப்பன் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் பச்சியப்பர் பல்துலக்கி முடிப்பதற்குள் நஞ்சம்மாள் வந்து பங்களா வாசலில் நின்றாள். கச்சேரி வீட்டைப் பெருக்குகிறவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். துடைப்பத்தைக் கையில் வைத்திருக்கும்போது மிட்டாதாரிடம்கூட நின்று பேச மாட்டாள். இன்று துடைப்பம் இல்லாமல் வந்திருந்தாள்.

"சாமி, பின்கட்டு நெடுக செம்மண் அடியா இருக்குதுங்க. நேத்து ராவு கழுவி வுட்டுட்டுத்தான் பூட்டுனேன்."

"ஜனங்க வந்து போனா அடி இருக்காதா?"

"வந்த அடி இருக்குதுங்க. போன அடியைக் காணமுங்க."

அவர் போய்ப் பார்த்தார். போகாமல் இருந்திருக்கலாம். முன்கூடம் சுத்தமாக இருந்தது. கடிகாரங்கள் வைத்த அறையிலிருந்து தொடங்கியது அந்தச் செம்மண். அடிவாரத்து மண் கறுப்பு. இந்தச் சிவப்பு மலைமேல், நாவக்கொட்டாய்ப் பக்கம்தான் உண்டு. வெறுங்கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக, நெருக்கியடிக்காமல், முந்திக்கொள்ளாமல், இத்தனை ஒழுங்காக நடக்கும் ஜனங்களை அவர் மிட்டாவில் பார்த்ததில்லை. பின்கட்டுக்குள் நுழைந்து மேற்குச் சுவரோரம் போய் அப்படியே நின்றுவிட்ட கால்கள். குதிகால் சுவர்ப்பக்கம், விரல்கள் அறையின் நடுவைப் பார்த்து. நடுவில் மேஜைமேல், நூறாம் எண் சீட்டோடு, கிட்டி.

அறையில் ஒரு வாடை இருந்தது. வேக வைத்த சாமை, விறகுப் புகை, அதற்கெல்லாம் அடியில் மஞ்சள் பத்து காய்ந்து புண்ணில் ஒட்டிக்கொண்ட புளிப்பு.

நஞ்சம்மாள் வாசற்படியிலேயே நின்றாள். "அவுங்கதானுங்க. நிக்கற எடங்கூட அதே எடம்" என்றாள்.

"எவங்க?" என்றார், குரலை உயர்த்தி. உயர்த்தின குரல் பின்கட்டில் மோதி அவரிடமே திரும்பி வந்தது.

"எனக்கு அப்ப இருவத்தொரு வயசுங்க. சாயங்காலம் இந்த எடத்தைத் தண்ணி ஊத்திக் கழுவுனவ நான்தான். எனக்கே தெரியாம எவங்கன்னு கேக்கறீங்களே" என்றாள் அவள், கோபமில்லாமல்.

அது சக்கரவர்த்திக்கு முடிசூட்டிய வருஷம், ஆனி மாதம். அப்பா காலமாகி மிட்டா கைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பச்சியப்பர் ஒரு வெள்ளைக்கார துரையைப் புலி வேட்டைக்கு அழைத்திருந்தார். புலியைக் கலைத்து விரட்ட நாவக்கொட்டாய் ஜனங்கள் வர வேண்டும் என்று ஆள் அனுப்பினார். அன்றைக்குச் சாமை விதைப்பு, விதைப்பு நாளில் காட்டில் சத்தம் போடுவது எங்களுக்கு வழக்கமில்லை, நாளைக்கு வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டான் ஊர்ப் பெரியவன் தீர்த்தன். துரை மரத்தின்மேல் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கீழே இறங்கி, "உங்கள் காட்டில் கொசு நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட வந்திருந்த தாசில்தார் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புக்குத்தான் எல்லாம்.

மறுநாள் நாவக்கொட்டாயில் வயது வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரையும் இறக்கிக் கொண்டுவரச் செய்தார். முப்பத்தேழு பேர். மேற்குச் சுவரோரம் வரிசையாக நிறுத்தினார்கள். பச்சியப்பர் பாட்டனாரின் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவராக வந்து வலது கையைப் பலகைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். திறந்த முனையில் தலையாரி ஏறி நிற்பான். அவ்வளவுதான். காலையில் ஆரம்பித்தது, விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்தது. நடுவில் பச்சியப்பர் ஒரு தரம் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

மண்வெட்டி பிடிக்க முடியாத ஊரில் களை யார் எடுப்பது, கதிர் யார் அறுப்பது? தை பிறப்பதற்குள் நாவக்கொட்டாய் காலி. பென்னாகரம் சந்தையில் சிலரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். காவேரிக்கரையோரம் சிலரைப் புதைத்ததாகவும் சொன்னார்கள். அவர் விசாரிக்கவில்லை. அன்றைக்கு வாசலில் தள்ளிக் கதவைச் சாத்தியபோது தீர்த்தன் மட்டும் திரும்பிப் பார்த்து, "கூப்புடுங்க, மறுபடி வர்றோம்" என்றான். துரையின் வேட்டைக்கு மறுபடி வருகிறோம் என்றுதான் சொல்கிறான், பயல் வழிக்கு வந்துவிட்டான் என்று அப்போது பச்சியப்பர் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் தமுக்கடிக்கிற மாரப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார். மியூசியம் திறப்பதற்கு முந்தின வாரம், 'சகல குடிகளும் தடையில்லாமல் கச்சேரி வீட்டுக்குள் வந்து பார்க்கலாம்' என்று மிட்டா முழுக்கத் தமுக்கடித்தவன் அவன்தான்.

"எந்தெந்த ஊர்ல அடிச்சே?"

"குடுத்த லிஸ்ட்டுப்படிதானுங்க சாமி. பதினெட்டு ஊரு."

"பதினேழு."

"பதினெட்டுங்க. நீங்க குடுத்ததுதானுங்களே." மாரப்பன் மடியிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினான்.

பதினெட்டுதான். கலெக்டருக்கு அனுப்பும் நகலில் பதினேழு ஊர் என்றிருந்தால் சின்ன மிட்டா என்று நினைப்பாரே என்று, பாட்டனார் காலத்து ஜாபிதாவைப் பார்த்துத் தம் கையாலேயே எழுதின பட்டியல். பதினெட்டாவதாக நாவக்கொட்டாய்.

"அங்க யாருடா இருக்கா? காலி ஊர்ல போயா தமுக்கடிச்சே?"

"ஊருக்கு ஒரு படி கேவுருன்னு பேசுனீங்க சாமி. அடிக்காம படிய வாங்குனா பாவமில்லீங்களா? ஏறிப் போய் நாவமரத்தடியில நின்னு மூணு தரம் அடிச்சனுங்க. உள்ள வாங்க, எல்லாரும் வாங்க, மிட்டாதாரு கூப்புடறாருன்னு பேரைச் சொல்லியே கூவுனேன்."

"பேரைச் சொல்லி…"

"உங்க பேரைத்தானுங்க சாமி. கேக்க ஆளில்லாத எடத்துல எதுக்குக் கொறைச்சலா கூவணும்?" மாரப்பன் தலையைச் சொறிந்தான். "அடிச்சு முடிச்சப்ப காத்து கப்புனு நின்னு போச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சுங்க. சீக்கிரமா எறங்கிட்டேன்."

பச்சியப்பர் அவனைத் திட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார். "நாளைக்கு விடியறதுக்குள்ள மேல போ. அதே மரத்தடியில நில்லு. யாரும் வரக் கூடாது, கச்சேரி வூட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாதுன்னு அடி. எட்டு தரம் அடி."

"படி…"

"மூட்டையாவே எடுத்துக்கோ. போடா!"

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மாரப்பன் திரும்பி வந்தான். தமுக்கு தோளில் இல்லை. கேட்டதற்கு, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை என்றான்.

"அடிச்சியா?"

"கேக்க ஆளில்லீங்க சாமி."

"எப்பவும் இல்லாததுதானேடா!"

"இல்லீங்க. எப்பவும் இல்லாதது வேற. இது வேற மாதிரி." மாரப்பன் அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "இடிஞ்ச வூடுதான் எல்லாம். ஆனா வாசலெல்லாம் பெருக்கியிருக்குது. ஒவ்வொரு அடுப்பாப் போய்த் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் சூடா இருக்குது. ஊரோட எறங்கிட்டாங்க சாமி."

அன்று பார்வையாளர் புத்தகத்தில் நாவக்கொட்டாய் முப்பத்தொன்று ஆகியிருந்தது. பக்கம் முழுக்க அந்தத் தட்டைக் கறைகள். பச்சியப்பர் எண்ணிவிட்டு, ஏன் எண்ணினோம் என்று நொந்துகொண்டார். இன்னும் ஆறு.

"அந்த எலுமிச்சை பிழியறதை எடுத்துடு" என்றார் சவுரியப்பனிடம்.

"எப்படிங்க ஐயா? நூறு பொருளுக்கும் அச்சடிச்ச ஜாபிதா கலெக்டர் துரைக்குப் போயிருச்சே. நூறாவதைப் பார்க்க ஆவலா இருக்கேன்னு துரை எழுதியிருக்காரு. அவருக்கும் லெமன் ஜூஸ் பிரியமாம்."

கதவருகே நின்றிருந்த நஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். "சாமி, போர்டைக் கழட்டிப் போட்டுட்டுக் கதவைச் சாத்துங்க. தொரை வந்தா ஒடம்புக்கு ஆவலைன்னு சொல்லிக்கலாம். அப்புறம் ஒருக்கா நாவமரத்தடிக்கு நீங்களே போயிட்டு வாங்க. செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை. வார்த்தைதானுங்களே, என்ன கொறைஞ்சுடுவீங்க?"

பச்சியப்பர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஒரு கணம் யோசித்தார். மலையேறி, இடிந்த குடிசைகளுக்கு நடுவில் நின்று, எவனுமில்லாத காற்றைப் பார்த்து மிட்டாதார் தப்பு என்று சொல்வதை மனத்தில் ஓட்டிப் பார்த்தார். மாரப்பன் அதை இண்டூர் சந்தையில் நடித்துக் காட்டுவான். தாசில்தார் சிரிப்பான். எந்தத் தாசில்தாராக இருந்தாலும் சிரிப்பான்.

"வேலையைப் பாரு" என்றார்.

சனிக்கிழமை. வெயில் வெள்ளைவெளேரென்று இறங்கிக்கொண்டிருந்தது. பந்தல், தோரணம், பென்னாகரத்திலிருந்து வரவழைத்த பாண்டு வாத்தியம், ரோஜா மாலை எல்லாம் தயார். உடும்புத்தோல்போல் மொடமொடக்கும் சரிகை அங்கவஸ்திரத்தோடு பச்சியப்பர் பங்களா கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். கிட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு எதையாவது, ஒரு பாக்குவெட்டியையாவது வைத்துவிட வேண்டும். துரைக்கு வித்தியாசம் தெரியாது. யாரையாவது அனுப்பலாம். யாரை அனுப்பினாலும் ஏன் நீங்கள் போகவில்லை என்று கேட்பார்கள். வாயால் கேட்காவிட்டாலும் கண்ணால் கேட்பார்கள். மூன்று மணி வரை நடந்தார். பிறகு, பயப்படுகிறவன் இத்தனை நிமிர்ந்து நடக்க மாட்டான் என்று எல்லோரும் பார்க்கும்படி நிமிர்ந்து, பாக்குவெட்டியை மடியில் செருகிக்கொண்டு, தெருவைக் கடந்து கச்சேரி வீட்டுப் பூட்டைத் திறந்தார்.

உள்ளே குளிர்ந்திருந்தது. வெளியே கண்ணைக் கூசவைத்த வெளிச்சம் நாலடிக்குள் மங்கி, ஐந்தாவது அடியில் கிணற்றுக்குள் இறங்கினது போல ஆயிற்று. பாட்டனாரின் தலைப்பாகை கண்ணாடிப் பெட்டிக்குள் தலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. எங்கோ ஒரு ஓட்டின் இடுக்கிலிருந்து தூசி சன்னமாக உதிர்ந்துகொண்டே இருந்தது. பின்னால் தெருவில் பாண்டுக்காரன் ஒருவன் கிளாரினெட்டை ஊதிப் பார்க்கும் சத்தம், அவர் ஒவ்வொரு வாசலாகத் தாண்டத் தாண்ட, ஒரு ஊர் தள்ளி, இரண்டு ஊர் தள்ளி என்று விலகிப் போயிற்று. கடிகாரங்கள் வைத்த அறையைத் தாண்டும்போது உள்ளங்காலில் ஈரம் பட்டது. செம்மண். காயவில்லை.

அந்த வாடை.

அப்புறம் அந்தச் சத்தம். முதலில் அதைச் சத்தம் என்றே அவர் நினைக்கவில்லை. பலபேர் ஒரே இடத்தில் பேசாமல் நிற்கும்போது துணி துணியோடு உரசுமே, மூச்சு மூச்சோடு கலக்குமே, அது.

திரும்பிப் போகலாம். அவர் திரும்பினார். தாண்டி வந்த வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையை மார்போடு அணைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்து பேர். கடைசி ஆறு. அவர்கள் இப்போதுதான் வந்திருந்தார்கள். காலில் செம்மண் சொட்டியது.

அவர்கள் அவரைத் தள்ளவில்லை. நடந்து வந்தார்கள், அவ்வளவுதான். அவர் பின்னால் நகர்ந்தார். பின்கட்டுக்குள் நகர்ந்தார்.

மேற்குச் சுவரோரம் வரிசை. அன்றைக்கு நின்ற அதே வரிசை. அன்றைக்கு இருந்த அதே வயது. வலது கைகள் எல்லாம் துணிப் பொட்டலங்கள். அந்த ஆறு பேரும் போய் அவரவர் இடத்தில் நின்றுகொண்டதும் சுவரில் இடைவெளி இல்லை.

"வெளியே போங்க" என்றார் பச்சியப்பர். குரல் வந்தது. நல்ல குரல்தான், கட்டளையிட்டுப் பழகின குரல். "இது என் வூடு. போங்கன்னா போங்க!"

வரிசையின் முன்னால் நின்றவன் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தான். தீர்த்தன். நெற்றியில் விதைப்பு நாளின் மஞ்சள்கூட அழியவில்லை.

"கூப்புட்டீங்க. வந்துட்டமுங்க" என்றான்.

பச்சியப்பருக்கு நாவமரம் நினைவுக்கு வந்தது. ஒரு வார்த்தை. இப்போது சொல்லலாம். வாயைத் திறந்தார். தப்பு என்ற சொல்லைத் தேடினார். நாற்பத்தொன்பது வருஷத்தில் ஒரு தரம்கூடச் சொல்லாத சொல் அது. நாக்கு அதன்மேல் புரளவில்லை.

"நீங்க… உங்களுக்கு வேணுங்கிறதை… இன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடுங்க" என்றார்.

தீர்த்தன் காத்திருந்தான். கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம் தலையாட்டினான்.

இரண்டு பேர் முழங்கையால் அவர் வலது கையை அணைத்துத் தூக்கினார்கள். விரல் மடங்காதவர்களின் பிடி அப்படித்தான் இருந்தது, குழந்தையைத் தூக்குவது போல. கருங்காலி குளிர்ந்திருந்தது. வழுவழுப்பாக இருந்தது. ஐந்து விரலும் சரியாகப் பொருந்தின.

தீர்த்தன் பலகைமேல் ஏறி நின்றான்.

பச்சியப்பர் கத்தினார். கத்தினது தமக்கே கேட்கவில்லை. பின்கட்டு அந்தச் சத்தத்தைச் சுவரில் உறிஞ்சிக்கொண்டது.

தீர்த்தன் இறங்கினான். அடுத்தவன் ஏறினான். அடுத்தவள். இடையில் அவர் எண்ணத் தொடங்கினார். நாலு. ஐந்து. முப்பத்தேழு பேர்தான். முப்பத்தேழோடு முடியும். எதற்கும் ஒரு கணக்கு உண்டு. பன்னிரண்டு.

பதினெட்டில் பாண்டு வாத்தியம் முழங்கியது. மோட்டார் சத்தம். செருப்புகள், பூட்ஸ்கள், சவுரியப்பனின் மரியாதையான இருமல். வாசலில் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. கலெக்டர் துரை. கடவுளே, கலெக்டர் துரை.

"மிட்டாதார் எங்கே?"

"இப்பத்தானுங்க உள்ள வந்தாரு துரை. பூட்டுகூடத் திறந்திருக்குது… வந்துடுவாருங்க."

துரை மேஜையருகே வந்தார். குனிந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். அவருடைய முகம் பச்சியப்பர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. சுருட்டு வாசனை அடித்தது. நீலக் கண்கள் பச்சியப்பரின் கண்களுக்குள் வந்து, அங்கே ஒன்றுமில்லை என்பது போல அடுத்த பக்கம் போயின. இருபத்து மூன்றாவது ஆள் பலகையில் ஏறினான். பச்சியப்பர் வாய் கிழியக் கத்தினார். துரை கொட்டாவியை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"சுவாரசியம்" என்றார்.

பூட்ஸ்கள் திரும்பின. கடிகார அறை. முன்கூடம். மோட்டார் கிளம்பியது. கிளாரினெட் ஒரு சுருதி பிசகி நின்றது. வெளியே யாரோ கதவை இழுத்துச் சாத்தினார்கள். பூட்டு விழுந்தது.

முப்பத்தைந்து.

முப்பத்தாறு.

முப்பத்தேழாவதாக ஏறியவள், வாசலில் அவருக்குப் பின்னால் வந்து நின்ற அந்தப் பெண். நிதானமாக நின்றாள். நிதானமாக இறங்கினாள். பச்சியப்பருக்கு மூச்சு வந்தது. வலது கை இருந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. முடிந்தது. எண்ணியாயிற்று. கதவைப் பார்த்தார்.

அவள் கதவுப் பக்கம் போகவில்லை. மேற்குச் சுவரோரமாக நடந்து, வரிசையின் கடைசிக்குப் போய், கையை மார்போடு அணைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி நின்றாள்.

இரண்டு முழங்கைகள் அவருடைய இடது கையைத் தூக்கின.

வரிசையின் முன்னால் நின்ற தீர்த்தன் காலைத் தூக்கினான்.